பூட்டிய அலமாரியும் ஒரு கணக்கு வாத்தியாரும்



போன வாரம் பிள்ளையார்பாளையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். தறியிலிருந்து எழுந்து வந்து பேசினார். "சார், பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. நூலகத்துக்குச் சான்றிதழ் படிப்பு இருக்காம், அதுல சேரணுங்கிறா. புத்தகம் எடுத்துக் குடுக்க ஒரு படிப்பா சார்?" என்று கேட்டார். தெருவில் நின்று சொல்லி முடிக்கிற பதிலா அது? அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பல வருடம் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பயிற்சி எதுவும் கிடையாது. "நீங்கதான் தமிழ் வாத்தியாராச்சே" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் என் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். அலமாரியைப் பூட்டியே வைத்திருந்தேன். இதே மாணவர் எட்டாம் வகுப்பில் புத்தகம் கேட்டு வந்து, "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பிப் போயிருக்கிறார். அவருக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது. எனக்கு இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தவர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். அதுவரை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. சில நாளிலேயே சலித்துப்போய், வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். மனசு மாறிவிட்டது.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானையும் பார்த்தார். அதே தகடுகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்தால் வெவ்வேறு பொம்மை வரும். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உடல் தனி, கரை தனி, முந்தி தனி. கோர்வை போட்டால் சேலை.

பயிற்சி வகுப்பு உலகத்துக்குப் புதிது இல்லை. அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887இலேயே கொலம்பியாவில் நூலகப் பள்ளி தொடங்கிவிட்டார். இந்தியாவில் பரோடா சமஸ்தானம் 1911இல் ஓர் அமெரிக்கரை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. சென்னையில் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929இல் அந்தச் சங்கம் கோடை வகுப்பு தொடங்கியது, ரங்கநாதன் பாடம் நடத்தினார். 1931இல் பல்கலைக்கழகம் வகுப்பை ஏற்றுக்கொண்டது. 1937இல் அது ஒரு வருட முழுநேரப் பட்டயப் படிப்பாயிற்று.

அடுத்த தேதிதான் முக்கியம். சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அதிலிருந்து வந்ததுதான். சட்டம் வருவதற்கு 19 வருடம் முன்பே ஆள் தயார் செய்யும் வேலை ஆரம்பித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். கட்டடம் கட்டிவிட்டு ஆளைத் தேடவில்லை. (நாம் இப்போது பல விஷயத்தில் செய்வது தலைகீழ், அது வேறு கதை.)

அப்படி அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? காஞ்சிப் பட்டைப் பற்றி ஒரு புத்தகம் வந்ததாக வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? டூயி பகுப்பில் நெசவுத் தொழில்நுட்பம் என்றால் 677. கைவினைக் கலை என்றால் 746. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பற்றியது என்றால் 334. அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் புரட்டி, யார் இதைத் தேடி வருவார்கள் என்று யோசிக்க வேண்டும். தப்பான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். பிறகு வரவுப் பதிவேடு, நூற்பட்டியல், தேதிச் சீட்டு, வருடாந்தர இருப்புச் சரிபார்ப்பு. இப்போது இதையெல்லாம் கணினியிலும் செய்யத் தெரிய வேண்டும்.

கிழிவதும் தொலைவதும் வழக்கமாக நடப்பதுதான் என்று ஏற்று, அதற்குக் கணக்கு வைக்கும் முறையும் அந்தப் படிப்பில் உண்டு. எனக்கு அது தெரிந்திருந்தால் பூட்டுக்கு வேலை இருந்திருக்காது. 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் ஆசிரியர்கள் கூடியிருந்த சபையில் ரங்கநாதன் தன் ஐந்து விதிகளை விளக்கினார். புத்தகம் பயன்படுத்தத்தான், பாதுகாக்க மட்டுமல்ல என்பதுதான் முதல் விதியின் சாரம். வாத்தியார்கள் முன்னால் சொன்னார் பாருங்கள்!

மாணவருக்கு என் பதில் இதுதான். படிப்பு உண்டப்பா. சான்றிதழுக்கு மேலே இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் உண்டு. அரசு வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். காலியிடம் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும், போட்டியும் இருக்கும். பள்ளி, கல்லூரி நூலகங்களையும் பார்த்து வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. இரண்டு அலமாரிப் புத்தகம் வரிசை இல்லாமல் கிடக்கிறது. அவள் பழகிப் பார்க்கட்டும். நீ அன்றைக்குக் கேட்ட புத்தகமும் அதில் இருக்கிறது.