பூன் லேயிலிருந்து கண்டாங் கெர்பாவ் வரை

காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் பயிரிட்டுப் பொருளீட்டிய சூ பூன் லே என்ற சீன வர்த்தகரின் பெயரைத் தாங்கி, சிங்கப்பூரின் மேற்குப் புறத்தில் அடுக்குமாடி வீடுகளாய் நிமிர்ந்து நிற்கும் பூன் லே வட்டாரத்தில், இன்று நள்ளிரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டால் வீட்டார் 995 என்ற எண்ணை அழைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் வலி கண்டவளுக்காக ஆள் அனுப்பி அழைக்கப்பட்டவள் கம்பத்து மருத்துவச்சி; மலாய்க்காரர் வழக்கில் பீடான். இவ்விரண்டு அழைப்புகளுக்கும் இடையில் நடந்த மாறுதல்தான் இந்நகரத்தின் பிரசவ சரித்திரம்.

அந்த மருத்துவச்சியை இகழ்ந்து பேசுவது பின்னால் வந்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது, அது நியாயமன்று. எப்போது முக்கச் சொல்ல வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதை அவள் அனுபவத்தால் அறிந்திருந்தாள். ஆனால் கொடியை அறுத்த கத்தி சுத்தமாயிருக்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை; தொப்புள் புண் வழியே நுழைந்த ஜன்னி, பிறந்த சில நாட்களிலேயே எத்தனையோ சிசுக்களைக் கொண்டுபோயிற்று. 1888-லேயே நகரில் ஒரு பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டிருந்தும், தாய்மார் பெரும்பாலோர் வீட்டைவிட்டு வர மறுத்ததால், மருத்துவச்சியையே திருத்துவதென்று அரசாங்கம் தீர்மானித்தது. 1910-ஐ ஒட்டி மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1915-இல் அவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1927-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி, கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலப் பணியை வளர்த்தெடுத்தார். அவருடைய பெயரை இன்று நினைவுகூர்பவர் மிகச் சிலரே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதற்கிடையில், நகரின் தேக்கா வட்டாரத்துக்கு அருகே, ஒருகாலத்தில் எருமைக் கொட்டில்கள் இருந்தமையால் கண்டாங் கெர்பாவ் எனப் பெயர்பெற்ற இடத்திலிருந்த மருத்துவமனை, 1924 அக்டோபர் முதல் தேதியன்று முப்பது படுக்கைகளுடன் பிரசவத்துக்கே உரிய ஸ்தாபனமாக மாறியது. வர மறுத்த தாய்மார் நாளடைவில் வெள்ளமாக வந்தனர். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. நாளொன்றுக்குச் சராசரி நூற்றொன்பது. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிரசவங்கள் நிகழ்ந்தது உலக சாதனையாகப் பதிவாயிற்று. இடமின்மையால் சுகப்பிரசவமான தாய்மார் ஒரே நாளில் வீடு திரும்ப, தாதியர் அவர்களைத் தேடிச்சென்று பார்த்துவந்தார்கள்.

இந்த மகத்தான வெற்றியே ஒரு புதிய இடைவெளியை உண்டாக்கியது. மருத்துவச்சி வீட்டுக்கு வந்த காலத்தில் கர்ப்பிணிக்குப் பிரயாணம் இல்லை. மருத்துவமனையே பிரசவ ஸ்தலம் என்றான பிறகு, வலியோடு கடக்கவேண்டிய ஒரு பாதை பிறந்தது. ஜூரோங் தொழில்நகரம் எழுந்து, பூன் லேயில் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறியபோது, அங்கிருந்து கண்டாங் கெர்பாவ் சுமார் இருபது கிலோமீட்டர். 1985-இல் கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை திறந்ததால் அத்தூரம் குறைந்தது. எனினும் இன்றும் அரசு சார்ந்த மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவை மூன்றே, மூன்றும் பூன் லேக்குக் கிழக்கே. தலைப்பிரசவம் பல மணிநேரம் பொறுத்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படிப் பொறுப்பதில்லை.

அந்தப் பாதைக்கு உரியவர்களே ஆம்புலன்ஸின் துணை மருத்துவர்கள். 1989-இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றானபோது ஆம்புலன்ஸ் சேவையும் அப்படையின் பொறுப்பாயிற்று. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காத காலம் ஒன்று இருந்தது. 2001-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் அதை மாற்றும்வரை, வலியில் துடிக்கும் பெண்ணைப் படிக்கட்டு வழியே சுமந்து இறக்கியதும் அவர்கள் பணியில் ஒரு பகுதி.

வண்டிக்குள் அவர்கள் செய்வதை உற்று நோக்கினால், பழைய மருத்துவச்சியின் பொறுமையும் புதிய மருத்துவத்தின் சுத்தமும் ஒருங்கே வாய்த்திருப்பது விளங்கும். தாயை இடப்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பத்தின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தி, இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வலிகளுக்கிடையேயுள்ள நேரத்தைக் கணக்கிட்டு, சிசுவின் தலை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்துவிட்டால், ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பதைவிடச் சாலையோரத்தில் நிறுத்துவதே மேலென்று முடிவு செய்கிறார்கள். தலை வெளிப்படுகையில் இழுப்பதில்லை. உள்ளங்கையால் மெல்லத் தாங்கி, வேகத்தை மட்டும் தணிக்கிறார்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால், விரலைக் கொடுத்துத் தலைக்கு மேலாகக் கழற்றுகிறார்கள். நனைந்த சிசுவுக்கு இந்த உஷ்ண நாட்டிலும் குளிரே பெரும் சத்துரு. ஆகவே குளிர்சாதனத்தை நிறுத்தி, உலர்ந்த துண்டால் துடைத்துத் தாயின் வெற்று மார்பின்மேல் கிடத்திப் போர்த்துகிறார்கள். அழுத குழந்தையின் கொடியை அவசரப்பட்டு அறுப்பதில்லை. ஒரு நிமிஷமேனும் பொறுத்து, இரண்டு இடங்களில் கவ்வியிட்டு, சுத்தமான கத்தரியால் நடுவே வெட்டுகிறார்கள். முன்னோரின் கத்தி செய்த பாவம் இந்த இடத்தில்தான் தீர்கிறது.

நஞ்சு தானாக வரும்வரை கொடியைப் பிடித்து இழுப்பதில்லை. வந்தபின் அதை எறிவதுமில்லை. பையிலிட்டுத் தாயோடு கொண்டுசென்று, பிறந்த நேரத்தையும் இரத்தப்போக்கின் அளவையும் சொல்லிப் பிரசவ அறைத் தாதியிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் அதை விரித்து வைத்து, ஒரு துண்டேனும் கர்ப்பப்பையில் தங்கிவிட்டதா என்று சோதிக்கத் தொடங்குகிறார்.