மோசமான படத்துக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

ஒரு படம் எடுத்தால் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பெட்டிக்குள் முடங்க வேண்டும். சினிமா வியாபாரத்தில் பொதுவாக இந்த இரண்டு கணக்குதான். ஆனால் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. வெளிவந்தபோது ஓடாது. பார்த்த நாலு பேரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அதே படத்துக்கு நள்ளிரவுக் காட்சியில் கூட்டம் அலைமோதும்! படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல, மகா மட்டமாக இருக்கிறது என்பதற்காக.

காமெடிப் படம் எடுத்துச் சிரிக்க வைப்பது ஒரு திறமை. பயமுறுத்த வேண்டும், அழ வைக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து எடுத்த படத்தைப் பார்த்து ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பது வேறு சமாச்சாரம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட படங்களுக்கென்றே பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டம் கொண்டாடும் பெயர்களில் முதல் பெயர் எட் வுட். அவர் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற படத்தின் கதை, படத்தில் உள்ள கதையை விட சுவாரஸ்யமானது. கொஞ்சம் சோகமானதும் கூட.

எட் வுட் 1924-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்தார். 1947-ல் ஹாலிவுட் வந்து சேர்ந்தார. கையில் பணம் கிடையாது, சிபாரிசு கிடையாது. சினிமா ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

1953-ல் அவருக்கு முதல் பெரிய வாய்ப்பு வந்தது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில், ஆணாகப் பிறந்து அறுவை சிகிச்சை மூலம் பெண்ணாக மாறிய கிறிஸ்டீன் ஜோர்கன்சன் பற்றிய செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளைக் கலக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பரபரப்பை வைத்துக் காசு பார்க்கலாம் என்று ஜார்ஜ் வைஸ் என்ற தயாரிப்பாளர் நினைத்தார். ஆனால் வுட் எடுத்துக் கொடுத்ததோ, பெண் உடை அணிய விரும்பும் ஓர் ஆணின் மனப் போராட்டம். வுட்டுக்கே அந்த விருப்பம் உண்டு. 'க்ளென் ஆர் க்ளெண்டா' என்ற அந்தப் படத்தில் அவரே கதாநாயகனாக நடித்தார். ஆண், பெண் உடையில் தெருவில் நடந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் சட்டங்கள் பல அமெரிக்க நகரங்களில் இருந்த காலம் அது. படம் பார்க்கக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் "இவர்களையும் மனிதராக மதியுங்கள்" என்று கேட்க அன்றைக்கு ஹாலிவுட்டில் வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தில்தான் பேலா லுகோசியும் வுட்டும் சேர்ந்தார்கள். லுகோசி சாதாரண ஆள் இல்லை. 1931-ல் வந்த 'டிராகுலா' படத்தின் டிராகுலா அவர்தான்! அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் மொத்தம் 3,500 டாலர். படம் ஸ்டுடியோவுக்குக் கொட்டிக் கொடுத்தது. லுகோசிக்கோ அதன் பிறகு பெரும்பாலும் பேய் வேடங்கள்தான் வந்தன. பிறகு அதுவும் குறைந்தது. வயதான காலத்தில் போதை மருந்துப் பழக்கத்துக்கு அடிமையாகி, 1955-ல் தானாகவே போய் அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். ஹாலிவுட் அவரை மறந்துவிட்ட நேரத்தில் வேடம் கொடுத்தவர் வுட். லுகோசியின் பெயரை வைத்துத் தன் படத்தை விற்கலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. இருந்தாலும் சிறுவயதில் திரையில் பார்த்து வியந்த நடிகர் மேல் வைத்த பக்தியும் உண்டு.

1956 ஆகஸ்டில் லுகோசி இறந்துபோனார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். வுட்டிடம் லுகோசியை வைத்து ஏற்கெனவே எடுத்த சில நிமிடப் படச்சுருள் இருந்தது. வசனம் இல்லை, கதை இல்லை. லுகோசி ஒரு வீட்டு வாசலில் பூவை எடுத்து முகர்ந்து பார்ப்பார், டிராகுலா அங்கியை விரித்துக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே எழுதினார் வுட்! மீதிக் காட்சிகளுக்கு டூப்பாக வந்தவர் வுட் மனைவியின் வைத்தியர், அதாவது முதுகெலும்பைப் பிடித்துவிடும் கைரோபிராக்டர். லுகோசியை விட உயரம். முகச் சாயலும் கிடையாது. அதனால் படம் முழுக்க அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடுகிறார்.

பணத்துக்கு என்ன செய்வது? அங்கேயும் ஒரு கூத்து. ஜே. எட்வர்ட் ரெனால்ட்ஸ் என்பவர் பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர். மதப் பிரச்சாரப் படங்கள் எடுக்க ஆசைப்பட்டவர். முதலில் பேய்ப் படம் எடுப்போம், அதில் வரும் லாபத்தில் பக்திப் படம் எடுக்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தார் வுட். பதிலுக்கு வுட்டும் நடிகர்கள் சிலரும் ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. 'கல்லறைத் திருடர்கள்' என்று பொருள்படும் முதல் தலைப்பும் திருச்சபைக்காரர்களுக்குப் பிடிக்காமல் மாற்றப்பட்டது. பணம் போட்ட ரெனால்ட்ஸே படத்தில் குழி வெட்டுபவராகவும் வருகிறார்.

1956 நவம்பரில் படப்பிடிப்பு நடந்தது. செலவு சுமார் 60,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. கதை இதுதான்: மனிதர்கள் அணுகுண்டைத் தாண்டி, சூரிய ஒளியையே வெடிக்க வைக்கும் ஆயுதம் கண்டுபிடித்து அண்டசராசரத்தையே அழித்துவிடப் போகிறார்கள். அதைத் தடுக்க வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். அவர்களுடைய முதல் எட்டுத் திட்டங்கள் என்ன ஆயின என்று தெரியாது. ஒன்பதாவது திட்டம், செத்தவர்களை எழுப்பி நடக்க விடுவது!

படத்தில் கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. விமானி அறைக்குக் கதவு கிடையாது, குளியலறைத் திரை போல ஒரு துணி தொங்குகிறது. போலீஸ் வண்டி பகலில் கிளம்பி இரவில் போய்ச் சேருகிறது, அடுத்த காட்சியில் மறுபடி பகல். பறக்கும் தட்டுகள் கார் சக்கர மூடிகள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. காகிதத் தட்டுகள் என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் அவை கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மைகள், நூலில் கட்டித் தொங்கவிட்டவை. நூலும் தெரியும்! தொலைக்காட்சியில் பழைய பேய்ப் படங்களைக் கிண்டல் செய்தபடி தொகுத்து வழங்கிப் பிரபலமான வாம்பைரா இதில் ஒரு பிணமாக வருகிறார். வசனமே வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். சம்பளம் 200 டாலர்.

1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு முன்னோட்டக் காட்சி போட்டார்கள். பிறகு வினியோகஸ்தர் கிடைக்காமல் 1959 வரை கிடந்துதான் பரவலாக வெளியானது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பக்திப் படம் எடுக்க லாபமும் வரவில்லை.

சரி, அப்படியே மறைந்திருக்க வேண்டிய படத்தைக் காப்பாற்றியது எது? தொலைக்காட்சிதான். அந்நாளில் அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கு இரவு நேரத்தை நிரப்ப மலிவான படங்கள் தேவைப்பட்டன. 1957-ல் யுனிவர்சல் நிறுவனத்தின் 52 பழைய பேய்ப் படங்கள் ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டு நன்றாக ஓடியதும் பேய்ப் படங்களுக்குக் கிராக்கி கூடியது. 'பிளான் 9' படமும் 1960-களில் அந்த வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. தூக்கம் வராத இரவுகளில் அதைப் பார்த்த சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் அந்தத் தொங்கும் தட்டுகளை மறக்கவில்லை.

இந்த நேரத்தில் வுட் என்ன செய்துகொண்டிருந்தார்? படம் எடுக்கப் பணம் கொடுக்க ஆளில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு டஜன் கணக்கில் மலிவான ஆபாச நாவல்கள் எழுதினார். குடி அதிகமானது. 1978 டிசம்பரில் வாடகை பாக்கிக்காக அவரையும் மனைவியையும் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஒரு நடிகர் நண்பர் வீட்டில் ஒதுங்கினார்கள். சில நாட்களிலேயே, டிசம்பர் 10 அன்று, மாரடைப்பில் இறந்துபோனார் வுட். வயது 54.

இரண்டே வருடம். 1980-ல் மைக்கேல் மெட்வெட், ஹாரி மெட்வெட் சகோதரர்கள் 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். எல்லாக் காலத்துக்கும் மிக மோசமான படம் 'பிளான் 9', மிக மோசமான இயக்குநர் எட் வுட் என்று அதில் பட்டம் சூட்டினார்கள். திட்டுவதற்காகக் கொடுத்த பட்டம் விளம்பரமாகிவிட்டது! 'உலகத்திலேயே மோசமான படமாமே, பார்த்தே ஆக வேண்டும்' என்று கூட்டம் கிளம்பியது. 1992-ல் வுட்டின் வாழ்க்கை வரலாறு வந்தது. 1994-ல் டிம் பர்ட்டன், ஜானி டெப்பை வைத்து 'எட் வுட்' என்ற படத்தையே எடுத்தார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஒப்பனைக்கும் கிடைத்தது. லுகோசிக்கு வாழ்நாளில் கிடைக்காத ஆஸ்கர், லுகோசி வேடத்துக்குக் கிடைத்தது. இன்னொரு வேடிக்கை, 1 கோடியே 80 லட்சம் டாலரில் எடுத்த அந்த அருமையான படம் அமெரிக்காவில் வசூலித்தது 60 லட்சம் டாலருக்கும் குறைவு. நஷ்டக் கணக்கில் வுட்டையே மிஞ்சிவிட்டது!

இப்போது கேள்விக்கு வரலாம். மோசமான படங்கள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன. அவற்றை ஏன் யாரும் கொண்டாடுவதில்லை? மோசமாக இருப்பது மட்டும் போதாது என்பதுதான் விடை. பெரும்பாலான மோசமான படங்கள் சலிப்பூட்டும். ஏனோதானோவென்று எடுத்தது தெரியும். வுட்டின் படத்தில் அது இல்லை. அண்டசராசரம் அழியப் போகிறது என்று எச்சரிக்க ஒரு மனிதர் தவிக்கிறார், கையில் இருப்பதோ அட்டைக் கல்லறையும் நூலில் கட்டிய பொம்மையும். ஆசைக்கும் வசதிக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் சிரிப்பை வரவழைக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி அவர் வெட்கப்படவே இல்லை என்பதுதான் பாசத்தை வரவழைக்கிறது. சூசன் சோன்டாக் 1964-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றிலும் இதே கருத்து உண்டு. தெரிந்தே செய்யும் கோணங்கித்தனத்தை விட, முழு மனதோடு செய்து தோற்றுப்போனதுதான் அசல் என்கிறார் அவர்.

இதற்குப் புதிய உதாரணம் 2003-ல் வந்த 'தி ரூம்'. டாமி வைசோ எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த காதல் சோகக் கதை. செலவு 60 லட்சம் டாலர் என்கிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் வந்தது சுமார் 1,800 டாலர்! கதாநாயகியின் அம்மா தனக்குப் புற்றுநோய் என்று ஒரு காட்சியில் சொல்கிறார், அதற்குப் பிறகு படத்தில் அந்தப் பேச்சே இல்லை. மேசை மேல் ஒரு படச் சட்டத்துக்குள் கரண்டியின் படம் இருக்கிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. இன்றும் நள்ளிரவுக் காட்சிகளில் அந்தக் கரண்டி தெரியும்போதெல்லாம் ரசிகர்கள் திரையை நோக்கி பிளாஸ்டிக் கரண்டிகளை வீசுகிறார்கள். வைசோ அந்தக் காட்சிகளுக்கு நேரில் வந்தார், கையெழுத்துப் போட்டார். சீரியஸ் படம் என்று விளம்பரம் செய்ததைப் பிற்பாடு நகைச்சுவைப் படம் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டார். வுட்டுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இவருக்குக் கிடைத்தது. சிரிப்பு வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் உயிரோடு இருந்தார்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து, வேண்டுமென்றே மோசமாக எடுத்தால் காசு பார்க்கலாமே என்று கிளம்பியவர்களும் உண்டு. 2013-ல் வந்த 'ஷார்க்நேடோ' அப்படி ஒன்று. சூறாவளியில் சுறா மீன்கள் பறந்து வரும் கதை. சிரிப்பு வரும், வியாபாரமும் ஆனது. தொடர்ந்து ஐந்து பாகங்கள் வந்தன. ஆனால் அதை எடுத்தவர்களின் வாழ்க்கை வரலாற்றை யாரும் தேடிப் படிப்பதாகத் தெரியவில்லை. தோற்பதற்கு அவர்கள் எதையும் பணயம் வைக்கவில்லையே!

வுட் படத்தைப் பார்த்துச் சிரிப்பது தவறா? தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அவர் பெயரே இன்று இருந்திருக்காது. ஆனால் வரவு செலவு எழுதினால் ஒரு பாக்கி இருக்கத்தான் செய்கிறது. 1980-க்குப் பிறகு அந்தப் படத்தால் புத்தகம் விற்றது, வீடியோ கேசட் விற்றது, டிக்கெட் விற்றது, ஆஸ்கர் கூட வந்தது. 1978-ல் வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த மனிதருக்கு அதில் ஒரு சென்ட் கூடப் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை அந்தப் பறக்கும் தட்டு நூலில் ஆடுவதைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்த நூலைக் கட்டியவர் சிரிப்பதற்காகக் கட்டவில்லை என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் போதும்.