ஒற்றைக் கண்ணில் ஒரு குளம்

"மாற்றுத்திறனாளி வரைந்த ஓவியம், ஒரு லைக் போடுங்க"ன்னு மலை, அருவி, சூரியன் படம் வாட்ஸ்அப்ல வராத வாரமே கிடையாது. படத்தை யாரு பாக்குறா? வரைஞ்சவரோட உடம்பைத்தான் பாக்குறோம். அதனாலதான் இந்த த்ரெட்.

பினோத் பிஹாரி முகர்ஜி. 1904-ல் கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்து, அங்கேயே ஆசிரியரானார்.

1940-ல் கலா பவன் விடுதியின் உட்கூரை முழுக்க பீர்பூம் கிராமத்தை வரைந்தார். நடுவில் குளம். சுத்தி மரம், ஆடுமாடு, வேலை செய்யும் ஜனங்க. வலையபட்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊருணியும் அதைச் சுத்தி ஊரும், அவ்ளோதான்.

ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சாதான் ஆழம் சரியாகப் பிடிபடும். இவருக்கு அது இல்லை. படத்திலும் தூரம் காட்டி மயக்குற வேலை கம்மி. மரமும் மனுஷனும் பக்கத்து பக்கத்தில் அடுக்கி நிக்கும். ஆனா எல்லாத்துக்கும் கண்தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஜப்பானுக்கே போய் அவங்க ஓவியத்தைப் பாத்துட்டு வந்தவர். அது அவர் தேர்ந்தெடுத்த பாணி.

1946-47-ல் இந்தி பவன் சுவர்களில் ராமானுஜர், கபீர், கண் தெரியாத சூர்தாஸ். ஈரச் சுண்ணாம்பு காயுறதுக்குள்ள வரையணும். செட்டிநாட்டுக் கொத்தனாருக்குத் தெரியும், அது எவ்ளோ அவசரம்னு.

ஐம்பதைத் தாண்டியதும் கண்புரை ஆபரேஷன். இருந்த பார்வையும் போச்சு. அந்தக் காலத்தில் லென்ஸை முழுசா எடுத்துடுவாங்க. கிட்டப்பார்வைக் கண்ணில் விழித்திரை விலகும் ஆபத்து அதிகம்.

இன்னைக்கு அவர் வந்தா நாங்க ஒரு சதவீதம் எழுதிக் கொடுப்போம். 40 வந்தா சலுகை உண்டு. பஸ்ஸுக்கும் உதவித்தொகைக்கும் அந்தத் தாள் வேணும், மறுக்கலை. ஆனா "இவனை டிராயிங் கிளாஸ்ல சேக்கலாமா சார்"னு அதையே நீட்டிக் கேட்கிற அப்பாக்களுக்கு அதில் பதில் இல்லை. சேருங்க, அவ்ளோதான் நான் சொல்றது.

பார்வை போன பிறகும் அவர் பாடம் நடத்தினார். காகிதம் வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார். கலா பவனில் ஓட்டுச் சில்லுகளால் பெரிய சுவரோவியமும் செய்தார். அவரோட பழைய மாணவர் சத்யஜித் ராய் 1972-ல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படத்தில் அதெல்லாம் இருக்கு. இருபது நிமிஷந்தான். முகத்தை விட்டுட்டு கையைப் பாருங்க.