பந்தலில் பீடி சுற்றியவர்கள்

இடிந்தகரை லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் போடப்பட்ட பந்தலின் படங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011இல் தொடங்கிய தொடர் உண்ணாவிரதம் அங்கேதான் நடந்தது. படங்களில் வரிசை வரிசையாகப் பெண்கள். பலருடைய மடியில் சுளகு, சுளகில் இலை, தூள், நூல். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, இவர்கள் கேட்டபடியே பீடி சுற்றுகிறார்கள்.

மதுரையில் வரலாறு படிக்கும் மாணவிகளிடம் அப்படி ஒரு படத்தைக் காட்டி, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வேலை செய்கிறார்கள், போராட்டம் நடக்கும் இடத்தில் உட்கார்ந்து தங்கள் பிழைப்பைப் பார்க்கிறார்கள் என்றது ஒரு பாதி. பட்டினி கிடந்தவர்களும் சிறைக்குப் போனவர்களும்தான் கலந்துகொண்டவர்கள், மற்றவர்கள் கூட்டம் என்றாள் ஒருத்தி. பீடி சுற்றாமல் அத்தனை நாள் யாரால் அங்கே உட்கார்ந்திருக்க முடியும் என்று எதிர்த்துக் கேட்டாள் இன்னொருத்தி. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர்.

இந்தச் சண்டை வகுப்பறையோடு முடிவதல்ல. யார் கலந்துகொண்டவர் என்பதை அந்தப் பந்தலைச் சுற்றி நின்ற ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு கோலால் அளந்தது.

செய்தித்தாள்களின் கோல் பட்டினி. 2011 செப்டம்பர் 11 அன்று 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். மக்களின் அச்சம் தீரும்வரை அணு உலைப் பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டு, செப்டம்பர் 22 அன்று மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. அந்த 127 என்ற எண் வரலாற்றில் நின்றுவிட்டது. அவர்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானோருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கும், வீட்டில் உலை வைத்துவிட்டுப் பந்தலுக்கு ஓடிவந்தவர்களுக்கும் எண் எதுவும் இல்லை.

அரசின் கோல் வேறு. சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் பொறுப்பு என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 149ஆவது பிரிவு. முதல் தகவல் அறிக்கைகளில் சில பெயர்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ‘மற்றும் பலர்’ என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருக்கும். தேசத் துரோகப் பிரிவு அப்படித்தான் ஆயிரக்கணக்கான கடலோர மக்கள்மீது பாய்ந்தது. பீடி சுற்றினாயா, பேசினாயா, சும்மா நின்றாயா என்ற வேறுபாடு அந்தக் காகிதத்தில் கிடையாது.

இதே அரசுதான் இன்னொரு பக்கம், இந்த மக்கள் யாரோ தூண்டிவிட்டு வந்தவர்கள் என்றது. வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருப்பதாக 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னார். இது திருச்சபையின் போராட்டம் என்ற பேச்சும் எழுந்தது. வழக்குப் போடும்போது அந்தப் பெண்ணுக்குத் தேசத்தையே கவிழ்க்கும் நோக்கம் இருந்தது. விளக்கம் சொல்லும்போது அவளுக்குச் சொந்தப் புத்தியே இல்லாமல் போயிற்று.

கோயில் வளாகத்தில் நடந்ததால் அது கோயிலின் போராட்டம் ஆகிவிடுமா? நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். மீனவர் ஊர்களில் கடற்கரை ஏலத்தையும் ஊர்க் கமிட்டியையும் பெரும்பாலும் ஆண்களே நடத்துகிறார்கள். காலையிலிருந்து இரவுவரை ஒரு பெண் உட்கார்ந்திருந்தாலும், ‘இங்கே உனக்கு என்ன வேலை?’ என்று யாரும் கேட்காத பொது இடம் கோயில் முற்றம் ஒன்றுதான். பூசைக்கும் செபமாலைக்கும் திருவிழாவுக்கும் வந்து பழகிய மண் அது. கத்தோலிக்கப் பெண் குருவாகிப் பலிபீடத்தில் பூசை வைக்க முடியாது. ஆனால் அதே கோயிலின் முற்றத்தில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்து அணுக்கழிவைப் பற்றிப் பேசினாள். அந்த இடத்தைக் கோயில் அவளுக்குக் கொடுத்தது என்பதைவிட, இருந்த இடத்தை அவள் வேறொன்றாக மாற்றினாள் என்பதே சரி.

இனி பீடிக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்தில் பீடிக்கு ஆயிரம் கணக்கில்தான் கூலி. சுற்றாத நாளுக்குக் காசு இல்லை. போராட்டத்துக்காகக் கட்டுமரமும் வள்ளமும் கரையில் கிடந்த நாட்களில் மீன்பாடும் இல்லை. அந்த நாட்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது பீடிக் காசில். பந்தலில் பீடி சுற்றியது போராட்டத்துக்கு நடுவே பார்த்த சொந்த வேலை அல்ல. அந்த வேலைதான் போராட்டத்தை ஒரு நாளிலிருந்து மாதங்களுக்கும், மாதங்களிலிருந்து ஆண்டுகளுக்கும் இழுத்துச் சென்றது. தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் சங்கம் திரட்டும் உதவி நிதியைப் போராட்டத்தின் பகுதி என்று எழுதுகிறோம். இங்கே அந்த நிதி சுளகில் இருந்தது.

எல்லோரையும் கணக்கில் சேர்த்தால் அடிபட்டவரும் வேடிக்கை பார்த்தவரும் ஒன்றாகிவிட மாட்டார்களா என்று மாணவிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தபோது முன்வரிசையில் நின்றவர்களின் ஆபத்து வேறு, வீட்டில் இருந்தவர்களின் ஆபத்து வேறு. அன்றே மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். இடிந்தகரையில் கைதான பெண்கள் திருச்சி சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் பின்னர் நிபந்தனை ஜாமீனில், சொந்த ஊருக்குப் போக முடியாமல், எங்கள் மதுரையில் தங்க வேண்டியிருந்தது. அந்த ஆபத்தைக் குறைத்து எழுதக் கூடாது. ஆனால் ஒரு தாய் சிறையிலும் பிறகு மதுரையிலும் இருந்த மாதங்களில் அவள் பிள்ளைகளுக்கு யாரோ சோறு போட்டார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் அது இன்னொரு பெண். அவளை விட்டுவிட்டுச் சிறைக்கதையை முழுதாகச் சொல்ல முடியாது.

ஆக, நான் கேட்கும் கேள்வி இதுதான்: இவள் விலகியிருந்தால் அந்த நாள் அப்படி நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றால் அவள் கலந்துகொண்டவள். என்ன செய்தாள், எவ்வளவு இழந்தாள் என்பதைப் பிறகு தனித்தனியாக எழுதலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது பெண்ணிய வரலாறு எழுதுகிறவர்களுக்கே உரியது. ‘நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அடக்கம் பேசுகிறது, வீடு சொல்லிக்கொடுத்த தன்மறுப்பு பேசுகிறது என்று உடனே முடிவுகட்டப் பழகியிருக்கிறோம். மறைந்த பெயரை மீட்டு எழுதுவதே நம் வேலை என்றும் நினைக்கிறோம். ஆனால் ‘மற்றும் பலர்’ என்ற வரிக்குள் எப்போது வேண்டுமானாலும் தன் பெயர் நுழையலாம் என்று இருக்கும் பெண்ணுக்கு அந்த ‘சும்மா’ ஒரு கவசம். வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை, வெளிநாட்டு வேலை போயிற்று என்ற குறைகள் அந்த ஊர்களிலிருந்து வந்தபடி இருந்தன. அணு உலைக்கு அனுமதி அளித்த 2013 மே 6 தீர்ப்பிலேயே, அமைதி திரும்புவதற்காக வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பல வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன, எல்லாம் அல்ல. எஞ்சியவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. நாம் பெருமையாக எழுதும் ஒரு பெயர் அவளுக்கு எதிரான சாட்சியமாகவும் ஆகக்கூடும்.

இப்போது என் மாணவிகள் இதுபோன்ற போராட்டங்களைப் பற்றிக் களஆய்வுக்குப் போகும்போது, ‘நீங்கள் கலந்துகொண்டீர்களா?’ என்ற கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள்தான். இரண்டுமே அவளை யாரோ ஒருவருடைய பட்டியலில் கொண்டுபோய் வைக்கும். ‘அன்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்கச் சொல்கிறேன். தண்ணீர் பிடித்ததும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டதும், கோயில் மணி கேட்டு ஓடியதும், எத்தனை பீடி சுற்றினாள் என்பதும் அதில் வந்துவிடும். கடைசியாக, ‘உங்கள் பெயரைப் போடலாமா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் போடக் கூடாது. அவள் செய்ததை மட்டும் எழுத வேண்டும்.