பன்னிரண்டு குழந்தைகளும் ஒரு திருவுளச் சீட்டும்



டிசம்பர் 28 அன்று மாசில்லாக் குழந்தைகள் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளை நினைக்கும் இந்நாள்களில், உயிர்காக்கும் பணியில் ஈடுபட்டிருப்போர் கூடியமர்ந்து வரும் ஆண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எந்த வீடுகளைச் சந்திப்பது, எந்தப் பள்ளியில் பிள்ளைகளோடு பேசுவது, செலவுக்கு யாரிடம் கையேந்துவது? இதே கேள்விகளோடு பாரிஸ் நகரில் ஒரு குழு கூடியது. அது நடந்து 380 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அந்நகரின் நோத்ர்தாம் பேராலயத்துக்குச் சற்றுத் தள்ளி 'லா கூஷ்' என்றொரு வீடு இருந்தது. தெருவிலும் கோயில் வாசலிலும் விட்டுச் செல்லப்பட்ட பச்சிளங் குழந்தைகளை அங்கே கொண்டு சேர்ப்பார்கள். ஆண்டுக்கு முந்நூறு, நானூறு குழந்தைகள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கைம்பெண்ணும் ஓரிரு பணிப்பெண்களும்தான். பால் போதவில்லை. அழுத குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். சில காசுக்கு விற்கப்பட்டவர்களும் உண்டு. பிச்சையெடுப்போர் இரக்கம் தேட அவர்களை வாங்கிப் போனார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவரைக் காண்பதே அரிது என்று புனித வின்சென்ட் தே பவுல் வருந்தினார்.

நகரம் இதை அறியாமல் இல்லை. ஆனால் பாவத்தில் பிறந்த பிள்ளைகள் என்ற பேச்சு நல்லவர்களின் கையையும் கட்டிப்போட்டிருந்தது. 'கெட்ட பெயர் வந்துவிடும்' என்று நம்மூரில் சொல்வோமே, அதே அச்சம்தான்.

வின்சென்ட் அடிகளார் பிறரன்புப் பெண்கள் சங்கத்தாரிடம் இதை எடுத்துச் சொன்னார். அவர்கள் வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள். மருத்துவமனை நோயாளிகளுக்கு ஏற்கெனவே உதவி வந்தார்கள். எல்லாக் குழந்தைகளையும் ஏற்க அவர்களிடம் வழி இல்லை. ஆகவே 1638-இல் திருவுளச் சீட்டுப் போட்டுப் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். மற்றவர்கள் அந்த வீட்டிலேயே விடப்பட்டார்கள். சீட்டில் பெயர் விழாத குழந்தைகளை நினைத்தால் நமக்கே நெஞ்சு அடைக்கிறது. அன்று அந்த அறையில் இருந்த பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் இருபதாயிரம் பேசிவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பதைவிட, பன்னிரண்டோடு தொடங்கியதே மேல் என்பது என் எண்ணம். இரண்டே ஆண்டுகளில், 1640 தொடக்கத்தில், கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவரையும் ஏற்பதென்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

குழந்தைகளை நேரடியாக வளர்த்த பொறுப்பு புனித லூயிஸ் தெ மரிலாக்கிடமும் அவர் வழிநடத்திய பிறரன்பின் புதல்வியர் சபைச் சகோதரிகளிடமும் வந்தது. லூயிஸ் 1591-இல் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். தம்மைப் பெற்ற தாய் யாரென்று அவர் அறிந்ததில்லை. 'பாவத்தின் பிள்ளைகள்' என்ற சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அவர் செய்த ஏற்பாடு இன்றைய பணிக்குழுக்களுக்கும் பயன்படும். கைக்குழந்தைகளைச் சுற்றுப்புறக் கிராமங்களில் பாலூட்டும் தாய்மாரிடம் கூலி பேசி ஒப்படைத்தார்கள். ஒப்படைத்ததோடு விடவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா, உடம்பு தேறியிருக்கிறதா, துணி இருக்கிறதா என்று சகோதரிகள் ஊர் ஊராக நடந்துபோய்ப் பார்த்தார்கள். பால்குடி மறந்த குழந்தைகள் சகோதரிகளின் இல்லத்துக்குத் திரும்பின. அங்கே செபமும் வாசிப்பும் கற்றன. பெண்பிள்ளைகள் தையல் பழகினார்கள், வளர்ந்த பையன்கள் தொழில் பழக அனுப்பப்பட்டார்கள். சாகாமல் காப்பாற்றினால் போதும் என்று லூயிஸ் கணக்குப் போடவில்லை. இந்தப் பிள்ளை இருபது வயதில் எதை வைத்துப் பிழைக்கும் என்பதும் அவருடைய திட்டத்தில் இருந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தில் பெற்ற தாய்க்கு இடமே இல்லை. இருட்டில் வந்து பிள்ளையை வைத்துவிட்டுப் போன பெண் யார், அவளை அந்நிலைக்குத் தள்ளியது வறுமையா, ஏமாற்றிய ஆணா என்று கேட்க அக்காலத்தில் ஏற்பாடு கிடையாது. கருவுற்றுத் தவிக்கும் பெண்ணைப் பேறுகாலத்துக்கு முன்பே தேடிச் சென்று, பிறந்த பிறகும் உடனிருப்பது பிற்காலத்தார் சேர்த்த பணி. 1975-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தொடங்கிய வாழ்வு உதவி மையம் இதைத்தான் தன் வேலையாகக் கொண்டது. நம் குழுக்களின் வரும் ஆண்டுத் திட்டத்தில் தாய்க்கென ஒரு பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பணத்துக்கு வருவோம். வின்சென்ட்டின் வரலாற்றை 1664-இல் எழுதிய ஆபெலி, இப்பணிக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் லிவர் செலவானதாகக் குறிப்பிடுகிறார். அரசர் மானியம் தந்தார், அது போதவில்லை. 1647 வாக்கில் சங்கத்துப் பெண்கள் களைத்துப் போனார்கள். நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வின்சென்ட் அவர்களைக் கூட்டினார். கடன் விவரத்தை மறைக்கவில்லை. இதுவரை இக்குழந்தைகளுக்குத் தாய்மாராக இருந்தீர்கள், இப்போது தாய்மையை ஒதுக்கிவிட்டு நீதிபதிகளாக அமருங்கள், இவர்கள் வாழ்வதா சாவதா என்று உங்கள் வாக்கைக் கேட்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். ஒருவரும் சாவுக்கு வாக்களிக்கவில்லை.

வாக்கு விழுந்ததால் பணம் விழுந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. குழந்தைகளைக் குடியமர்த்திய பிசேத்ர் கோட்டை நகருக்கு வெளியே இருந்தது. கூலி கிடைக்காத பாலூட்டும் தாய்மார் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ரொட்டிக்கும் வழியில்லை என்று லூயிஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, செல்வர்களின் கதவைத் தட்டினார். சகோதரிகள் தங்கள் உணவைக் குறைத்துக்கொண்டார்கள். பல குழந்தைகள் இறந்தும் போனார்கள். ஆனாலும் இல்லத்தின் கதவை அவர்கள் அடைக்கவில்லை.

லூயிஸ் 1660 மார்ச் 15-இலும் வின்சென்ட் அதே ஆண்டு செப்டம்பர் 27-இலும் இறைவனடி சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1670-இல், பதினான்காம் லூயி மன்னர் அரசாணை பிறப்பித்து அப்பணியைப் பாரிஸ் நகரத்துப் பொது மருத்துவமனைகளுள் ஒன்றாக்கினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சகோதரிகளே அங்கும் இருந்தார்கள்.