அறுவையில் நரம்புக் கண்காணிப்பு – மயக்கவியல் தகவல் பரிமாற்றம்

முதுகெலும்பு, மூளை, தைராய்டு அறுவைகளில் நரம்பின் நிலையை மின்சமிக்ஞைகளால் கவனிக்கும் குழுவும் மயக்க மருத்துவரும் தொடர்ந்து தகவல் பரிமாறிக்கொள்ளும் நடைமுறை. 1973இல் வெளியான ஸ்டான்யாரா விழிப்புச் சோதனையில், முதுகெலும்பை நிமிர்த்தியதும் நோயாளியை நடுவில் எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மின்தூண்டலே செய்கிறது.

சிக்கல் மருந்தில் தொடங்குகிறது. செவோஃப்ளூரேன் போன்ற ஆவி மயக்க மருந்துகள், தூண்டலுக்குத் தசை தரும் இயக்கச் சமிக்ஞையை மங்கச் செய்யும். தசைத்தளர்த்தி முழு அளவில் இருந்தால் அது அடியோடு மறையும். எனவே புரோபோஃபால், ரெமிஃபென்டனில் ஆகியவற்றைச் சிரைவழியாகச் சீராகச் செலுத்துவதையே பலரும் விரும்புகிறார்கள். மருந்தளவைக் கூட்டியது கண்காணிப்புத் திரைமுன் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், சமிக்ஞையின் சரிவுக்குக் காரணம் தண்டுவடமா மருந்தா என்று அவர் திணறுவார். அந்த நிமிடங்கள் விலைமதிப்பற்றவை.

உணர்வுச் சமிக்ஞையின் உயரம் பாதியாகக் குறைந்தாலோ, வந்துசேரும் நேரம் 10 சதவீதம் நீண்டாலோ எச்சரிப்பது வழக்கம். உடனே அறுவை மருத்துவர் கையை நிறுத்துவார். மயக்க மருத்துவர் உடல்வெப்பம், ஹீமோகுளோபின், அண்மையில் கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து இரத்த அழுத்தத்தை உயர்த்துவார். அதிலேயே சமிக்ஞை மீள்வதும் உண்டு.

இயக்கத் தூண்டலின்போது தாடை இறுகி நாக்கு கடிபடலாம். பற்களுக்கிடையே மென்மையான துணிச்சுருள் சரியாக இருப்பதை இரு தரப்பும் உறுதிசெய்ய வேண்டும். மருந்தை மாற்றிய பின் அல்ல, மாற்றும் முன்பே வாய்விட்டுச் சொல்வதுதான் சரியான முறை.