மிச்சப் பஞ்சும் ஒட்டுப் போர்வையும்

இந்த நூற்றாண்டு மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது, எமது வகுப்பினர் கல்லூரிக்கு அளித்த ஒட்டுப் போர்வை பிரதான மண்டபத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய வெள்ளைச் சீருடைகளையும் இல்ல நிறத் துணிகளையும் வெட்டி இணைத்த அதன் முகப்பை எல்லோரும் பார்ப்பர். உள்ளே இருப்பதை எவரும் பார்க்கப் போவதில்லை. அந்த உள்ளிருப்பின் வரலாற்றை எழுதுமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்குத் தையலோடு என்ன உறவு என்று கேட்போருக்கு, விடை சற்றுப் பின்னால் வரும்.

ஒட்டுப் போர்வைக்கு மூன்று படைகள் உண்டு. மேலே துண்டுத் துணிகளால் ஆன முகப்பு, கீழே பின்துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே பஞ்சை நகராமல் பிடித்து வைக்கிறது. இந்த நடுப்பஞ்சைப் புலம்பெயர் நாடுகளில் 'பற்றிங்' என்று கேட்டு வாங்குவர். "என்னட்டைப் பற்றிங் துண்டுகள் கனக்கக் கிடக்கு, அனுப்பட்டோ?" என்று ரொறன்ரோவிலுள்ள எம் வகுப்புத் தோழி கேட்டபோது, எம்மிற் சிலர் கிரிக்கெற் விடயமாக்கும் என்றே நினைத்தோம்.

வந்த பொதியில் முழுப் பஞ்சு ஒன்றேனும் இல்லை. அவர் தைத்த போர்வைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளே இருந்தன. சில ஒரு சாண் அகலம், சில ஒரு முழ நீளம். நூற்றாண்டுப் பரிசுக்குள் மிச்சத் துண்டுகளை வைப்பதா என்று எம்முள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. இக்கலையின் பழைய கதையைத் தேடிப் படித்த பின்னரே அது அடங்கிற்று.

அமெரிக்காவில் எலி விற்னி, பருத்தியிலிருந்து விதை நீக்கும் பொறிக்கு 1794 இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் பருத்தி பெருகியது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் தொகையும் பெருகியது. அக்காலத்தில் வீட்டுப் பெண்கள் கம்பிப் பற்கள் கொண்ட இரு பலகைகளுக்கிடையே பஞ்சை வாரி, சிறு சிறு தகடுகளாக எடுத்து, அவற்றைப் பின்துணியின் மேல் பக்கம் பக்கமாக அடுக்கினர். ஆகவே, அன்றைய போர்வைகளின் நடுப்பஞ்சு துண்டுகள் சேர்ந்ததாகவே இருந்தது. பஞ்சு திரளாதிருக்கத் தையலை நெருக்கமாகப் போட வேண்டியிருந்தது. 1846 இல் சின்சினாற்றி நகரில் தொடங்கிய ஸ்ரேர்ன்ஸ் அன்ட் ஃபொஸ்ரர் போன்ற நிறுவனங்கள் பஞ்சை விரிப்பாகச் செய்து விற்கத் தொடங்கின. ஆயினும் வசதியற்ற வீடுகளில் கிழிந்த பழைய போர்வையே புதிய போர்வைக்கு நடுப்பஞ்சாயிற்று.

இவ்வரலாற்றில் எம்மை நிறுத்தி வைத்த ஊர், அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த ஜீஸ் பென்ட். அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. 1932 இல், கடன் கொடுத்த வணிகர் இறந்தபின், அவர் குடும்பத்தினர் ஊராரின் உணவு, கால்நடை, கருவிகள் யாவற்றையும் அள்ளிச் சென்றனர். அத்தகைய வறுமையிலும் பெண்கள் தைத்தனர். பருத்தி அரைக்கும் ஆலைத் தரையில் எஞ்சிய அழுக்குப் பஞ்சைக் கூட்டி எடுத்துத் தடியால் அடித்துத் துப்புரவாக்கி உள்ளே வைத்தனர். 1942 இல் மிசூரி பெற்வே என்ற தாய், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். 2002 இல் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகம் இவ்வூர்ப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. 2006 இல் அவை அமெரிக்க முத்திரைகளிலும் இடம்பெற்றன.

இனி எமது தையல் அறைக்கு வருவோம். ரீ கோசி தைத்த வகுப்பு உங்களுக்கும் நினைவிருக்கும். பொருட்கள் தட்டுப்பாடான அக்காலத்தில் எமது தையல் ரீச்சர் பழைய பிஸ்கற் ரின்னொன்றில் பஞ்சுத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். "துண்டெண்டு எறியாதேங்கோ பிள்ளையள். விளிம்போடை விளிம்பு முட்டவேணும். ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. நூலை இறுக்கி இழுக்காதேங்கோ" என்பார். மேலேறினால் தழும்புபோல் தடிக்கும், இடைவெளி விட்டால் குழி விழும், இறுக்கினால் சுருங்கும். 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது அந்த ரின்னும் எங்கோ போயிற்று.

சில ஆண்டுகளின் பின், வைத்தியசாலையில் முதன்முதலாகக் காயம் தைக்க நின்றபோது எமக்குச் சொல்லித் தரப்பட்டதும் அதே பாடந்தான். விளிம்புகள் சரியாகச் சந்திக்க வேண்டும். இறுக்கினால் இரத்தவோட்டம் குறைந்து காயம் ஆறாது. எம் கைக்கு அது புதிதாயிருக்கவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் ஓடாத பிள்ளைகளுக்கே தையல் என்று அன்று நாம் பேசியதை எண்ணி இன்று நாணுகிறோம். ரீச்சரிடம் இதைச் சொல்ல அவர் இன்று இல்லை.

அவர் காட்டியபடியே மிச்சத் துண்டுகளை இணைத்தோம். பருத்தியோடு பொலியெஸ்ரரைக் கலக்கவில்லை. இரண்டும் ஒரே அளவிற் சுருங்கா. ஒரே தடிப்புள்ளவற்றைத் தெரிந்து, ஓரங்களை நேராக வெட்டி, தளர்ந்த குறுக்குத் தையலால் பிடித்தோம். பெரிய துண்டுகளை நடுவிலும் சிறியவற்றை ஓரத்திலும் வைத்தோம். பஞ்சின் இணைப்பு முகப்பின் இணைப்புக்கு நேர் கீழே வராமற் பார்த்துக்கொண்டோம்.

எம் வகுப்பில் இருவர் இன்று உயிருடன் இல்லை. அவர்களுள் ஒருவரின் தாயார், பெட்டிக்குள் வைத்திருந்த மகளின் சீருடையைக் கொண்டுவந்து தந்தார். வெட்ட எமக்குக் கை வரவில்லை. "வெட்டுங்கோ பிள்ளை, பெட்டிக்குள்ளை கிடந்து பூச்சி அரிக்கிறதிலும் பார்க்க எல்லாரோடையும் கிடக்கட்டும்" என்று அவரே கத்தரிக்கோலை எம் கையில் தந்தார். வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் உள்ள, சிறிது பழுப்பேறிய வெள்ளைத் துண்டு அதுதான். மண்டபத்துக்கு வரும்போது பாருங்கள்.